மோட்டார் வருமுன் கேட்க வேண்டியவை
(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நம் ஸ்டோரில் ரோலர்களுக்குப் புதிய மோட்டார் வரப்போகிறது. நான் கிராணி, கம்பி இழுக்கிறவன் அல்லன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில், மின்சாரம் நின்றிருந்தபோது ஓர் அம்மாள் ரோலரில் ஒட்டிய ரப்பரைச் சுரண்டிக் கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியது, மெஷின் தானே ஓடியது. இரண்டு விரல்கள் போயின. அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இன்றும் அது உறுத்துகிறது.

ஆகவே இம்முறை முன்கூட்டியே கேட்போம்.

ஒன்று: மின்சாரம் நின்று வந்தால், பொத்தானை மீண்டும் அழுத்தாமல் மோட்டார் ஓடாதபடி ஸ்டார்ட்டர் அமையுமா?

இரண்டு: ரோலர்முன் நிற்பவர் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்குமா?

மூன்று: துடைப்பவர் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வழி உண்டா?

நான்கு: மோட்டாருக்கு வருவது 400 வோல்ட், ஸ்டோரிலோ எங்கும் ஈரம், ஆசிட். எர்த்து சரியா? பெட்டியில் தண்ணீர் புகாதா?

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டியும் வருகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். உடனே திறக்கலாகாது.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும். மோட்டாரின் வரைபடம் முதலில் அக்குழுவின் மேசைக்கு வரட்டும். சிமெண்டு காய்ந்தபின் சுவிட்சை நகர்த்தப் பணம் வேண்டும். இன்று நகர்த்த ஒரு பென்சில் போதும்.