மலாய் மொழி கற்கத் தொடங்குவோருக்கு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு மலாய் ஓரளவு பேச வரும். கடைக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். ஆனால் டாக்டரிடம் நோயை விளக்கிச் சொல்லவும், அரசாங்க அலுவலகத்தில் பாரம் நிரப்பவும் அந்தச் சந்தை மலாய் போதாது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த நம் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில்தான் படிக்கிறார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழித் தாளில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். ஆகவே, முறையான மலாயை நாம் வீட்டிலேயே கற்கத் தொடங்குவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

முதலில் சொற்கள். கப்பலுக்கு மலாயில் 'காப்பால்'. கடைக்கு 'கெடாய்', கட்டிலுக்கு 'காத்தில்', பெட்டிக்கு 'பெத்தி', வியாபாரத்தில் போடும் முதலுக்கு 'மொடால்'. இவை தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்கள். ஆசிரியருக்கு 'குரு', பெயருக்கு 'நாமா', மொழிக்கு 'பஹாசா'. இவை வடமொழிச் சொற்கள்; நமக்கும் பழக்கமானவையே. தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கினால் அச்சம் விலகும்.

அடுத்தது வாக்கியம். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்கிறோம். மலாயில் 'சாயா மாக்கான் நாசி', அதாவது நான், சாப்பிடு, சோறு. வினைச்சொல் நடுவில் வந்துவிடுகிறது. 'பெரிய வீடு' என்பது 'ரூமா பெசார்'. வீடு முன்னே, பெரிய என்பது பின்னே. அதேபோல 'என் வீடு' என்பது 'ரூமா சாயா'. நாம் தமிழ் வரிசையிலேயே 'சாயா புன்யா ரூமா' என்று சொல்லிப் பழகிவிட்டோம். முறையான மலாயில் அதற்கு 'எனக்கு வீடு இருக்கிறது' என்று பொருள். பாரத்தில் இப்படி எழுதினால் கருத்தே மாறிவிடும்.

சில இடங்களில் மலாய் தமிழைவிட எளிது. போகிறேன், போகிறான், போவார்கள் என்றெல்லாம் வினை மாறுவதில்லை. யார் போனாலும் 'பெர்கி'தான். முடிந்ததற்கு 'சூடா பெர்கி', இனி நடப்பதற்கு 'ஆக்கான் பெர்கி'. இன்னொரு நல்ல செய்தி: மலாயில் 'கீத்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கோ இந்த வேறுபாடு தாய்ப்பாலோடு வந்தது.

உச்சரிப்பில்தான் கவனம் வேண்டும். படிப்பதற்கும் 'பெலாஜார்', மாணவருக்கும் 'பெலாஜார்' என்றே தமிழில் எழுத முடியும். ஆனால் மலாயில் அவை இரண்டு சொற்கள். மாணவரைக் குறிக்கும்போது 'பல்' என்பதில் வரும் வல்லோசைப் பகரம். படிப்பதைக் குறிக்கும்போது 'கம்பம்' என்பதில் மகர மெய்க்குப் பின் வரும் மெல்லிய பகரம். சம்பளத்தைக் குறிக்கும் 'காஜி'யில் 'சங்கு' என்பதில் வரும் ககரம் ஒலிக்க வேண்டும். 'கல்' என்பதுபோல் ஒலித்தால் ஆராய்தல் என்று பொருளாகிவிடும். இந்த ஒலிகள் எல்லாம் நம் வாயில் ஏற்கெனவே உள்ளவை. சொல்லின் முதலில் அவற்றை ஒலித்துப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்தில் ஒன்று நினைவிருக்கட்டும். முன்பு மலாயில் சகர ஒலியை இரண்டு ரோமன் எழுத்துகளால் எழுதினார்கள். 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் 'சி' என்ற ஓர் எழுத்தே போதும். ஆங்கிலப் பழக்கத்தில் பிள்ளைகள் இதைச் சில இடங்களில் ககரமாகப் படித்துவிடுவார்கள். மலாய்ச் சொற்களில் அது 'பச்சை' என்பதில் வரும் சகரம்தான். தேடு என்பது 'சாரி', 'காரி' அல்ல.

நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்வோம். இரவில் பிள்ளை மலாய்ப் பாடம் படிக்கும்போது, வேலை முடிந்து வந்த தாயும் தந்தையும் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். தெரியாததைப் பிள்ளையிடமே கேட்கட்டும். பிள்ளைக்குப் பாடம் பதியும், பெற்றோருக்கும் மொழி வரும். பிறகு, பாரம் நிரப்ப இன்னொருவர் வீட்டு வாசலில் நாம் காத்து நிற்க வேண்டியதில்லை.