கையை விடுதலும் கைவிடுதலும்

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பொருள் எதுவாயினும் ஆகலாம் என்று செயலாளர் கூறினார். நான் எடுத்துக்கொண்ட பொருள், கையை விட்டுச் சைக்கிள் ஓட்டுதல். சிரிக்க வேண்டாம், இதைக் கற்க நான் இழந்த முழங்கால் தோல் கொஞ்சமன்று!

கல்முனைப் பக்கம் மேடுபள்ளமற்ற கரையோர நிலம். பாண்டிருப்பிலிருந்து காரைதீவு வரை ஏறியிறங்க ஒரு குன்று கிடையாது. ஆதலால் எங்கள் சிறுவர்க்கு இவ்வித்தையில் ஆசை பிறப்பது இயல்பே. நான் படித்த மிஷன் பாடசாலை மைதானத்திலே தொடங்கினேன். மெதுவாகச் சென்று, குனிந்தபடி கையை எடுத்தேன், வண்டி சரிந்தது. பின்னரே கற்றேன்: சற்று வேகம் வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், சீராக மிதிக்க வேண்டும், திரும்புவதற்கு உடம்பை மெல்லச் சாய்த்தாற் போதும்.

காரணம் யாது? ஓடும் சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது முன்சில்லு தானே அப்பக்கம் திரும்பி, விழாமற் காக்கிறது. சில்லுச் சுழலும் விசையே இதனைச் செய்கிறதெனப் பலர் எண்ணினர். டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், அவ்விசையை எதிராகச் சுழலும் இன்னொரு சில்லினால் அழித்தும் சைக்கிளை ஓட்ட முடிந்ததென 1970இல் எழுதினார். முன்சில்லு தரையைத் தொடும் இடம், ஹாண்டில் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னே அமைவதே முக்கியம் என்றார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள், இவ்விரண்டும் இல்லாத வண்டியொன்றும் ஆளின்றி நிமிர்ந்தோடக் காட்டினர். பாரம் அமைந்திருக்கும் முறையும் துணை செய்கிறதாம். எளிய வண்டிக்குள் எத்துணை நுட்பம்!

ஆனால் வண்டி அறியாதது ஒன்றுண்டு. எதிரே வருபவரை அது அறியாது.

ஒருநாள் சாய்ந்தமருது வீதியில், நண்பர்கள் பார்க்க, கைகளைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். பெருமையிற் பின்னே திரும்பிப் பார்த்தேன். எதிரே மீன்பெட்டியோடு சைக்கிளில் வந்த முஸ்லிம் பெரியவர் என்னை விலத்தப்போய் விழுந்தார். கடனுக்கு வாங்கிய மீன் அவ்வளவும் மணலிலே! நான் நடுங்கி நின்றேன். அவர் ஏசவில்லை.

"கைய விட்டாலும் கண்ண விடப்படாது, தம்பி," என்றார்.

இருவரும் குந்தியிருந்து மீனைப் பொறுக்கிக் கழுவினோம். பாதி விலைதான் போகும் என்றார். என்னிடமிருந்த சொற்பப் பணத்தை நீட்டினேன். மறுக்காமல் வாங்கினார், மறுக்கும் வசதி அவருக்கில்லை. மிகுதியை இரண்டு மாதங்களாகச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தேன்.

நண்பர்களே, கையை விடுதல் வேறு, கைவிடுதல் வேறு. முன்னையது பயிற்சி, பின்னையது பிறரை மறத்தல். நமது சாகசத்தின் செலவைப் பெரும்பாலும் பிறரே செலுத்துகின்றனர்.

இன்றும் நான் கையை விட்டு ஓட்டுவதுண்டு. விடியற்காலையில், ஆளில்லாத அந்த மைதானத்தில் மட்டும்.