சுவர் நமது, மண் யாருடையது?

கூரை ஓலை மாத்தணும், ஒரு திண்ணை போடணும்னாகூட தஞ்சைச் சேரிகளில் ஆண்டை வாயைப் பார்த்து நின்றார்கள். குடிசை கட்டியது உழைப்பாளி கை; மனை மிராசுதாரருடையது. கூலி கேட்டால் 'குடிசையைப் பிரிச்சுட்டுப் போ' என்பான். செங்கல்பட்டில் மிராசுதாரர்களின் இந்தப் பிடியை கலெக்டர் திரெமென்ஹீர் 1891லேயே எழுதிவைத்தார்.

1961 குடியிருப்புச் சட்டம் விரட்டுவதைத் தடுத்தது, மண்ணைத் தரவில்லை. 1971 சட்டம்தான் அந்த ஆண்டு ஜூன் 19 அன்று குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனையைச் சொந்தமாக்கியது.

சட்டம் தந்தது பட்டாவாகக் கைக்கு வந்துச்சா? செங்கல் சுவர் எழுப்ப, பேங்குல கடன் கேட்க அந்தக் காகிதம் வேணும். மாணவத் தோழர்களே, ஊருக்குப் போனா வீடு வீடாகக் கேளுங்கள்; இல்லாதவருக்கு மனு எழுதுங்கள். அடுத்தவன் அனுமதியில் நிற்பது வீடல்ல, கொட்டடி!