கணக்கில் வராத தூக்கம்

(சங்கத்தின் சந்திப்பு விழாவில், ஒரகடத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



மேடை ஏறிப் பழக்கமில்லாதவன் நான். "ஏதாவது பயனுள்ளதாகப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான், அதுவும் அடிபட்டுக் கற்றது: தூக்கம். சிரிக்காதீர்கள், பின்வரிசையில் சிலர் இப்போதே பயிற்சியில் இருக்கிறார்கள்!

ஒரகடம் சந்திப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இடம். ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு பக்கம் கம்பெனி பஸ், ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, நடுவில் எங்களைப் போன்ற பைக்காரர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை எனக்கு நைட் ஷிப்ட் ஆரம்பம். காலை 7 மணிக்கு எழுந்தவன் பகலில் படுக்கவில்லை. மாமனார் வீட்டில் விசேஷம். ராத்திரி வேலையை முடித்து, மறுநாள் காலை ஏழரைக்கு பைக்கை எடுத்தேன். கம்பெனி பஸ் இருந்தது. அது ஊரெல்லாம் சுற்றும், அரை மணி நேரம் லேட் ஆகும் என்று ஏறவில்லை. படப்பை தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், மீடியன் ஓரமாக மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தது. இடது காரை எலும்பு முறிவு. ஹெல்மெட் பட்டையைப் போட்டிருந்ததால் இங்கே நிற்கிறேன்.

"ஒரு செகண்டுதான் கண் அசந்தது" என்று வீட்டில் சொன்னேன். படுத்த படுக்கையில் கணக்குப் போட்டேன். 60 கி.மீ. வேகத்தில் செகண்டுக்கு ஏறத்தாழ 17 மீட்டர். நாலு செகண்டு அசந்தால் 67 மீட்டர் தூரம் அந்த வண்டிக்கு ஓட்டுநரே கிடையாது.

ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் இதை அளந்து காட்டினார்கள். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது ஏறியவனின் தடுமாற்றத்துக்குச் சமம். நம் நாட்டுச் சட்ட வரம்பு 0.03. அன்று நான் அந்த வரம்பைப் போல மூன்று மடங்கு குடித்தவன் மாதிரி வண்டி ஓட்டியிருக்கிறேன். போலீஸ் ஊதச் சொல்லியிருந்தால் கருவி பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாத நைட் அலவன்ஸ் ஒரே பில்லில் போயிற்று. என் பாடு பரவாயில்லை. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, விடியற்காலை 3 மணி ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது 2003-ல் விபத்தில் இறந்தார். மனைவி, நாலு பிள்ளைகள், தாயார். வேலைக்குப் போகும் வழியில் நடந்தது வேலையில் நடந்ததாகுமா என்று வழக்கு. ஆகும், இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில்! இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே இதற்குத் திருத்தம் வந்துவிட்டது. நம் கான்ட்ராக்ட் தொழிலாளர் எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் லைனில் இருப்பவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

உடம்பு விஷயம் சத்தமில்லாமல் நடக்கும். இரவுப் பணியை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி உறுதி செய்தது. அதே சாப்பாட்டை ராத்திரி 2 மணிக்குச் சாப்பிட்டால் பகலைவிடச் சர்க்கரை கூடுதலாக ஏறும். கேண்டீனில் அந்த நேரத்தில்தான் பரோட்டா ருசியாக இருக்கும், என்ன செய்ய!

இப்போது முதல் நைட் அன்று மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது படுக்கிறேன். வீடு திரும்புவது பஸ்ஸில்தான். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டாயிற்று. காலிங் பெல் ஸ்விட்சை என் மனைவி அணைத்துவிடுவார்.

மனிதவளத் துறையில் இருக்கும் சீனியர் அண்ணன்மார் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நைட் ஷிப்ட் ஆளுக்குப் பகல் 3 மணிக்கு டிரெய்னிங் வைக்காதீர்கள். அதில் பாதுகாப்பு வாரத்து டிரெய்னிங்கும் சேர்த்திதான்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தி ஆரம்பித்துவிட்டதாம்.