கடல் எண்ணெய்ப் பணி: இளைஞரின் மூலதனம் எது?

(பெங்களூருவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெங்களூருவிலிருந்து மங்களூருக் கடற்கரை சாலை வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடலைப் பாராது வளர்ந்த ஓர் இளைஞருக்குக் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் தொழிலில் இடம் உண்டா? உண்டு என்பதே என் விடை. ஆனால் அந்த இடம் எத்தகையது, அதற்கு வழி யாது, அதில் நிலைத்து நிற்க எது துணை செய்யும் என்பவற்றை அறிந்த பின்னரே இத்துறைக்கென முதல் ரூபாயைச் செலவிட வேண்டும்.

தொழிலின் தோற்றம்

1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்னும் துரப்பண மேடை, மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதத்தில் அங்கு உற்பத்தி தொடங்கிற்று. 2009-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலிலிருந்து எரிவாயு வரத் தொடங்கியது. ஆயினும், இன்றும் நமது கச்சா எண்ணெய்த் தேவையில் 80 சதவீதத்துக்கும் மேலான பகுதி இறக்குமதியாலேயே நிறைவேறுகிறது. எனவே நமது கடலில் அகழ்வுப் பணி தொடர வேண்டிய கட்டாயம் உள்ளது.

எண்ணெய் மேடை தனித்து இயங்குவதன்று. உணவும் எரிபொருளும் குழாய்களும் கொண்டு செல்லும் சரக்குக் கப்பல்கள், நங்கூரங்களைக் கையாளும் இழுவைக் கப்பல்கள், மூழ்குவோருக்கும் பழுது பார்ப்போருக்கும் துணை நிற்கும் பல்நோக்குக் கப்பல்கள், கடலடியில் குழாய் பதிக்கும் மிதவைகள் என ஒரு கப்பல் கூட்டமே அதைச் சூழ்ந்து இயங்குகிறது. வேலைவாய்ப்பின் பெரும்பகுதி இக்கப்பல்களிலேயே உள்ளது.

நுழையும் வழிகள்

பத்தாம் வகுப்பு தேறியோர் ஆறு மாதப் பயிற்சி பெற்றுக் கப்பலின் பொதுப்பணி மாலுமியாகலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றோர் கடல்சார் படிப்பில் சேர்ந்து தள அதிகாரியாகும் வழியை மேற்கொள்ளலாம். 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இதற்கென நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இயந்திரவியல் பட்டதாரிகள் மேற்கொண்டு பயிற்சி பெற்று எந்திரப் பிரிவில் சேரலாம்.

எவ்வழியாயினும் கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, தன் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் ஆகிய அடிப்படைப் பயிற்சிகள் கட்டாயம். 1978-ஆம் ஆண்டின் பன்னாட்டு மாலுமிப் பயிற்சி உடன்படிக்கையும் அதன் பிந்திய திருத்தங்களும் இவற்றை வகுத்துள்ளன. ஹெலிகாப்டரில் மேடைக்குச் செல்வோர், அது நீரில் வீழ்ந்தால் வெளியேறும் பயிற்சியும் பெறுகின்றனர்.

தளப் பணிக்கு நிறங்களைப் பிரித்தறியும் கண்பார்வை இன்றியமையாதது. இதை அறியாது கட்டணம் செலுத்திய பின் மருத்துவப் பரிசோதனையில் நீக்கப்படுவது பெரும் இழப்பு. ஆகவே முதலில் கண் பரிசோதனை. பின்னரே கல்லூரிக் கட்டணம்.

பெங்களூருவின் வாய்ப்பு

மின்னியலும் மின்னணுவியலும் பயிலும் இந்நகர மாணவர்களுக்கு ஒரு தனி வழி உண்டு. இக்காலத் துணைக் கப்பல்கள் பல, நங்கூரமிடாமலே ஒரே இடத்தில் நிற்கின்றன. செயற்கைக்கோள் குறிப்புகள், காற்றளவி, திசைகாட்டி ஆகியவை தரும் செய்திகளைக் கணிப்பொறி கணக்கிட்டு, உந்து விசிறிகளை நொடிதோறும் இயக்குவதாலேயே இது இயலுகிறது. இதனை ‘டைனமிக் பொசிஷனிங்’ முறை என்பர். இத்தகைய கப்பல்களில் மின்-தொழில்நுட்ப அதிகாரியின் பொறுப்பு பெரிது. மின்னியல், மின்னணுவியல் பட்டதாரிகள் அதற்குரிய சில மாதப் பயிற்சியால் அப்பணிக்குத் தகுதி பெறலாம்.

ஏற்றமும் இறக்கமும்

இத்தொழிலின் வேலைவாய்ப்பு எண்ணெய் விலையோடு பிணைந்தது. 2014-இன் முற்பகுதியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே சென்றது. உலகெங்கும் துணைக் கப்பல்கள் பணியின்றிக் கட்டி வைக்கப்பட்டன. ஒப்பந்த ஊழியர்கள் வீடு திரும்பினர். நல்ல காலத்து ஊதியத்தை நிலையான வருமானமெனக் கருதிக் கடன் வாங்குவோர் இத்தகைய வீழ்ச்சியில் சிக்குவர். கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தம். தகுதிச் சான்றிதழும் கடற்பணிக் காலப் பதிவும் ஊழியருக்குச் சொந்தம். ஒவ்வொரு ஒப்பந்த முடிவிலும் பணிப்பதிவுப் புத்தகத்தில் கப்பல் தலைவரின் கையொப்பம் பெறுவதும், இடைக்காலத்தில் அடுத்த நிலைத் தேர்வை எழுதுவதும் வேண்டும். விலை எவ்வாறிருப்பினும் குறையாத மூலதனம் இதுவே.

தரகர்களிடம் எச்சரிக்கை

முதல் வேலை கிடைப்பது கடினம். இக்கடினத்தையே தரகர்கள் வாணிபமாக்குகின்றனர். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன்படி வேலை பெற்றுத் தருவதற்கென மாலுமியிடம் கட்டணம் வாங்கலாகாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், பணிப்பதிவுப் புத்தகம் போன்றவற்றின் செலவு மட்டுமே அவரைச் சாரும். பணம் கேட்பவர் எவராயினும், அவரிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் உள்ளதா என்று சரிபார்த்தல் வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்து, அதன் படியொன்றைப் பெறாமல் கப்பலேறலாகாது.

உயிரே முதல்

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையை நெருங்கிய பல்நோக்குக் கப்பல் ஒன்று, எரிவாயு செல்லும் குழாய்களில் மோதிற்று. தீ மூண்டு மேடை அழிந்தது. 22 பேர் மாண்டனர். காயமுற்ற ஒரு சமையல் ஊழியரை மருத்துவ உதவிக்காக மேடையில் சேர்க்கவே அக்கப்பல் நெருங்கியது. 2021 மே மாதம் வீசிய டவ்தே புயலில் ‘பி-305’ என்னும் தங்கும் மிதவை மூழ்கி, 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பாதுகாப்பு விதிகள் வெறும் தாள்கள் அல்ல என்பதற்கு இவையே சான்று. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டுமென்று விதி உள்ளது. அபாயம் தெரியும்போது வேலையை நிறுத்தச் சொல்ல இளநிலை ஊழியரும் தயங்கலாகாது. பயிற்சிக்குச் செல்லாமலே சான்றிதழ் வாங்குபவர், ஆபத்து வேளையில் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைப்பவராவார்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் கல்லூரிகளின் பணியமர்த்தல் பிரிவுகளிலும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும், ஏற்பு பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலும் அனைவரும் காணுமாறு வைக்கப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. நிலத்தை விற்றுத் தரகரிடம் பணம் கொடுக்கவிருக்கும் ஒரு குடும்பத்தை அச்சிறு தாள் காப்பாற்றக்கூடும்.