களையின் குலமறிந்து களைவோம்



ஏரி நிறைந்திருக்கக் கண்டு மகிழ்வது உழவனின் இயல்பு. ஆனால் இன்று பல ஊர்களில் கரைமீது ஏறி நின்றால் நீர் தெரிவதில்லை. பச்சைப் பாய் விரித்தாற்போல ஆகாயத்தாமரையே தெரிகிறது. மதகு அடைபடுகிறது, வரத்துக்காலில் நீர் தேங்குகிறது, மீன் வளம் குன்றுகிறது, கொசு பெருகுகிறது. பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிட்டு வாரிக் கரையேற்றுகிறோம். அடுத்த மழை முடிவதற்குள் அது மீண்டும் ஏரியை மூடிவிடுகிறது. மறு ஆண்டும் அதே வேலை, அதே செலவு.

இச்செலவு பயன் தர வேண்டுமானால், களையின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அதன் குலத்தையும் அறிய வேண்டும். அது ஒரே தாயின் வழி வந்ததா, பல வழிகள் கலந்து வந்ததா, எவ்வகையில் பெருகுகிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டே அதனோடு போரிட வேண்டும். தாவரங்களின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள் இத்துறையில் கண்ட உண்மைகள் நம் கிராமங்களுக்கு மிகவும் பயன்படக் கூடியவை. அவற்றுள் சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வாழைக்கன்றும் மாங்கொட்டையும்

மரபணுவைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. தாய்வாழையின் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால் தாயின் குணம் மாறாமல் வருகிறது. மாங்கொட்டையைப் புதைத்தாலோ, வரும் மரம் புளிக்குமா இனிக்குமா என்று காய்த்த பின்னரே தெரியும். கன்றில் இருப்பது தாயின் மரபணு மட்டுமே. கொட்டையிலோ தாய், தந்தை ஆகிய இருவர் வழியும் கலந்துள்ளன. அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய செடிகளிலும் இவ்விரு வகைகள் உண்டு.

ஒரே குலத்தின் படை

ஆகாயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. பூவின் அழகுக்காகவே மக்கள் அதை நாடு விட்டு நாடு கொண்டு சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்து, நெல்வயல்களையும் நீர்வழிகளையும் மூடியது. அதை ஒழிப்பதற்கென்றே 1936ஆம் ஆண்டில் அங்கு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

தாயகத்தில் இச்செடியின் பூக்கள் மூவகைப்படும். பூவின் நடுவிலுள்ள சூல்தண்டு சிலவற்றில் நீண்டும், சிலவற்றில் இடைத்தரமாகவும், சிலவற்றில் குறுகியும் இருக்கும். குறுந்தண்டுச் செடிகள் தென் அமெரிக்காவைத் தாண்டி வரவேயில்லை. பிற நாடுகளில் பெரும்பாலும் இடைத்தர வகையே காணப்படுகிறது. வெளியே வந்தவை மிகச் சில செடிகளே என்பதற்கு இது ஓர் அடையாளம். பல கண்டங்களிலிருந்து செடிகளைத் திரட்டி மரபணுவை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இச்செடி புதிதாகக் குடியேறிய இடங்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 80 இடங்களில், முழுவதும் ஒரே தாவரத்தின் வழிவந்த செடிகளே இருந்தன என அது காட்டிற்று.

வேற்றுமையற்ற இக்குலம் எவ்வாறு உலகை வென்றது? பக்கக்கொடி ஓட்டிக் கன்றுவிடும் ஆற்றலே முதற் காரணம். தக்க வெப்பமும் உரச்சத்தும் கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் இரு மடங்காகிவிடும். இரண்டாவதாக, இடத்திற்கேற்ப உருவை மாற்றிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. திறந்த நீரில் இலைக்காம்பு குமிழ்போல் பருத்து மிதக்கிறது. நெருக்கத்தில் அதே செடி மெலிந்து நெடிதாய் உயர்கிறது. மூன்றாவதாக, அதனைத் தின்னும் பகைப்பூச்சிகள் தாயகத்திலேயே தங்கிவிட்டன. ஊர்ச் சாக்கடையை ஏரியில் விட்டு அதற்கு உரமிடுபவர்கள் நாமே.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? ஆகாயத்தாமரையில் விட்டுவைத்த ஒரு துண்டும் ஒரு தாய்ச்செடியே. பாதி ஏரியை வாரி நிறுத்துவது, கடனில் வட்டியை மட்டும் கட்டிவருவதற்கு ஒப்பாகும். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியில் செடி இருக்கக் கீழ் ஏரியைத் தூய்மை செய்வதால் நிலைத்த பயன் இல்லை. எனவே தொடரிலுள்ள பஞ்சாயத்துகள் யாவும் ஒரே பருவத்தில், மேலிருந்து கீழாக இவ்வேலையைச் செய்தல் வேண்டும். வாரிய செடியை நீர்மட்டத்திற்கு எட்டாத இடத்தில் குழியிலிட்டு மட்கச் செய்யலாம். பூத்தபின் விழும் விதை சேற்றில் பல்லாண்டு உயிரோடு கிடக்குமாதலால், பூக்குமுன் வாருவதே நன்று.

இக்களைக்குத் தென் அமெரிக்காவிலுள்ள இயற்கைப் பகையான கூன்வண்டுகள் 1980களில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்று நீர்நிலைகளில் விடப்பட்டன. வண்டு பெருகிப் பயன்தரச் சில ஆண்டுகள் ஆகும். அவ்வாறு விடப்பட்ட ஏரியில் அவசரப்பட்டுக் களைக்கொல்லி தெளித்தால், வண்டுக்கு உணவும் இடமும் இல்லாமற் போகும். எந்த ஏரியில் எம்முறை என்பதை வேளாண்மை அலுவலரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

பல குலம் கலந்த புதர்

உண்ணிச்செடியின் கதை இதற்கு நேர்மாறானது. அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்ற இச்செடியைத் தோட்டக்காரர்கள் ஒன்றோடொன்று கலப்புச் செய்து பல நிறப் பூக்களை உண்டாக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு வந்து, வேலியாகவும் அழகுச் செடியாகவும் நாடெங்கும் பரவியது. இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லை மூடிக் கால்நடைக்கும் காட்டு விலங்கிற்கும் மேய்ச்சலைக் குறைத்து நிற்கிறது. அதன் இலையைத் தின்ற மாடுகளுக்கு ஈரல் கெடுகிறது.

ஒரே புதர்க்காட்டில் இளஞ்சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் எனப் பல பூக்களைக் காண்கிறோமல்லவா? அதன் மரபு கலப்பானது என்பதற்கு இதுவே சான்று. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் சில உண்ணிச்செடிகளில் 22, சிலவற்றில் 44, வேறு சிலவற்றில் இன்னும் மிகுதி. இவ்வளவு வேற்றுமை உள்ள கூட்டத்தில், வறட்சியைத் தாங்குவதும், நிழலைத் தாங்குவதும், பூச்சியைத் தாங்குவதும் ஏதேனும் ஒரு செடியில் இருந்தே தீரும். தாங்கியது பிழைத்து விதை தரும். பறவைகள் அவ்விதையைப் பரப்பும். அடுத்த தலைமுறை அச்சூழலுக்கு இன்னும் ஏற்றதாய் அமையும். உலகெங்கும் ஏறக்குறைய 40 வகைப் பூச்சிகளை இதன்மேல் ஏவியும் முழு வெற்றி கிட்டாததற்கு இக்கலப்பும் ஒரு காரணமாகும்.

ஆகவே உண்ணிச்செடியை ஒரே பூச்சியாலோ ஒரே மருந்தாலோ ஒழிக்கலாமென்று நம்புதல் தகாது. தண்டை மட்டும் வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். காய்க்குமுன், மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். வெற்றிடத்தில் நாட்டுப் புல்லும் மரமும் வளர்த்தல் வேண்டும். பள்ளி வேலிக்கும் பூங்காவிற்கும் புதிய நிற உண்ணிச்செடியைக் கொண்டுவந்து நடுவது, பழைய கூட்டத்திற்குப் புதிய இரத்தம் ஊட்டுவதேயாகும்.

கள்ளி கற்பித்த பாடம்

குலமறியாமல் செய்த வேலைக்கும், அறிந்து செய்த வேலைக்கும் சப்பாத்திக்கள்ளியே சாட்சி. 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைச் சாயம் எடுப்பதற்காகக் கொண்டுவந்தனர். அது உண்மையான சாயப்பூச்சியன்று, அதன் உறவினம். சாயம் தேறவில்லை, ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது அடியோடு தின்றது. தென்னாட்டில் மிகுந்திருந்த மற்றொரு கள்ளியை அது சீண்டவில்லை. அக்கள்ளிக்கு ஏற்ற வேறொரு பூச்சியை 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டபின், சில ஆண்டுகளுக்குள் தென்னாட்டின் பெரும் பரப்பு கள்ளியினின்று விடுதலை பெற்றது. நம் கண்ணுக்கு இரண்டும் கள்ளிதான். பூச்சிக்கோ அவை இரு வேறு குலங்கள்.

நம் வயலிலும் நடப்பது

இத்தகைய மாறுதல் காட்டிலும் ஏரியிலும் மட்டும் நிகழ்வதன்று. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் கோதுமை வயலில் முளைக்கும் குல்லி தண்டா என்னும் புல்லுக்கு ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்துவந்தனர். 1990களின் தொடக்கத்தில் பல வயல்களில் அப்புல் மருந்துக்கு மடியாமல் நின்றது. மருந்து புல்லைப் பழக்கிவிடவில்லை. இலட்சக்கணக்கான செடிகளுள் இயல்பாகவே தாங்கும் திறனுள்ள சில செடிகள் பிழைத்தன. அவற்றின் விதையே வயலை நிரப்பிற்று. நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைக்கும் வேலையை நாம் அறிந்து செய்கிறோம்; கெட்ட களையைப் பொறுக்கி வளர்க்கும் வேலையை அறியாமல் செய்துவிடுகிறோம்.

இதற்கு மாற்று, ஒரே மருந்தை ஆண்டாண்டு தெளிக்காதிருத்தல், பயிரை மாற்றுதல், களைவிதை கலவாத விதையை விதைத்தல், பிழைத்து நிற்கும் களையை விதை கட்டுமுன் கையால் பிடுங்குதல் ஆகியவை.

பஞ்சாயத்தின் கடமை

ஊரில் புதிய செடி ஒன்று தலைகாட்டினால், பத்துச் செடியாக இருக்கும்போதே அதை வேளாண்மை அலுவலரிடம் காட்டுக. ஏரி வேலைக்குப் பணம் ஒதுக்குமுன் தொடரிலுள்ள அண்டை ஊர்களோடு கலந்து பேசுக. ஒருமுறை வாரியதோடு நிறுத்தாமல், மறு ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கரையைச் சுற்றிப் பார்த்து எஞ்சியதை அகற்ற ஆட்களை அமர்த்துக. அழகுக்கென்று வாங்கிய நீர்ச்செடியைக் குளத்தில் வீசாதிருக்குமாறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் எடுத்துக் கூறுக.

குடிமராமத்து என்ற பெயரால் நம் முன்னோர் ஏரியை ஊரே கூடிக் காத்தனர். அவர்கள் எதிர்கொண்டது வண்டல். நாம் எதிர்கொள்வது உயிருள்ள, நாள்தோறும் பெருகுகின்ற பகை. ஊர் ஒற்றுமையோடு குலமறியும் அறிவும் சேர்ந்தால், ஏரிப்பணம் ஆண்டுதோறும் நீரோடு போகாது. பாசனத்திற்கு வேண்டிய நீரும் மாட்டிற்கு வேண்டிய புல்லும் நம்மிடமே நிலைக்கும். அதற்கான முதல் வேலையை இம்மழைக்காலத்திற்கு முன்னரே, ஏரிகள் வற்றியிருக்கும்போதே நாம் யாவரும் கூடித் தொடங்குவோமாக!