ஸ்ரீ அரவிந்தர் யோகமும் தறிக்குழியும்

(காஞ்சீபுரத்தில் நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யோகம் என்றவுடனே நம்மவர் பலர், "அது காவி தரித்தவர்க்கு உரியது, தறிக்குழியில் காலை வைத்தவனுக்கு அதனால் ஆவதென்ன?" என்று வினவுகின்றனர். இதற்கு விடை தேடி இமயத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. வந்தவாசி, திண்டிவனம் வழியாக ஒரு காலைப் பொழுதிற் சென்றடையத்தக்க புதுச்சேரியிலே, இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்க முயன்ற பெரியார் ஒருவர் நாற்பது ஆண்டு வாழ்ந்தார்.

1872-இல் கல்கத்தாவிற் பிறந்து, ஏழாம் வயது முதல் இங்கிலாந்தில் வளர்ந்த ஸ்ரீ அரவிந்தர், அலிப்பூர் வழக்கில் ஓராண்டு சிறையிருந்து 1909-இல் விடுதலை பெற்றார். 1910 ஏப்ரல் 4-ஆம் நாள் புதுச்சேரியில் வந்திறங்கிய அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தவர் சங்கர செட்டியார். அங்கே பாரதியாரின் நட்பு வாய்த்தது. அவர் துணையால் ஆண்டாள், நம்மாழ்வார் பாசுரங்கள் சிலவற்றை அரவிந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வரதராஜப் பெருமாள் சந்நிதியை அடுத்து வாழும் நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருமன்றோ!

அவர் கொள்கை யாதெனில், உலகைத் துறந்து முத்தியடைவதோடு யோகம் முடிவதில்லை என்பதே. சடத்திலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும் தோன்றின; மனமே இறுதிப் படியன்று. அதற்கு மேலான அதிமானச உணர்வு இறங்கிவந்து மனம், பிராணன், சரீரம் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார். 1914 முதல் 1921 வரை 'ஆர்யா' என்னும் மாதப் பத்திரிகையில் இதனை விரித்தெழுதினார். இன்ன ஆசனம், இன்ன பிராணாயாமம் என்று எல்லார்க்கும் ஒரே விதி வகுத்தாரில்லை. இறைவனை நாடும் தாகம், தாழ்ந்த உணர்ச்சிகளை விலக்கல், சரணாகதி ஆகிய இவையே வழி. ஆசிரமத்தில் சமையலும் தோட்டமும் சாதனையாகவே கொள்ளப்பட்டன.

அப்படியாயின் நம் நெசவும் யோகந்தானே என்று சிலர் எளிதாய்ச் சொல்லிவிடுவர். நாம் அதனை உடன்படோம். கோர்வைச் சேலை நெய்கையில், துணையாள் கரை நாடாவை எறிய, நெய்பவர் உடல் நாடாவை எறிகிறார். சிறிது கவனம் பிசகினாலும் கோர்வை கெடும். ஆயினும் கை பிசகாமலே, பக்கத்திலிருந்து நாடா எறியும் மனைவிமேல் நாள் முழுதும் எரிந்து விழுபவர் நம்மில் இல்லையா? கவனம் கூடியிருக்கிறது; உணர்வு மாறவில்லை. அச்சினம் எழும்போதே அதனைக் கண்டு, "இது நானன்று" என்று ஒதுக்கி, செய்தொழிலை இறைவனுக்கு ஒப்புவிப்பதே அவர் வேண்டிய பயிற்சி. கோயில் வாயிலில் செய்வதைக் காட்டிலும் தறிக்குழியில் இது கடினம் என்பது நம் எண்ணம்.

"உலகை விடாதே என்றவர், 1926 நவம்பர் 24 முதல் தம் அறையை விட்டு வாராதது ஏன்?" எனக் கேட்பார் உண்டு. கேட்கத்தக்க கேள்வியே. அவ்வறையிலிருந்தபடியே சீடர்க்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். அவற்றிற் பல அற்ப சச்சரவுகளையும் உடற்பிணிகளையும் பற்றியவை. ஆசிரமத்தின் அன்றாடப் பொறுப்பை அன்னை ஏற்றிருந்தார். 1950 டிசம்பர் 5-இல் அரவிந்தர் மறைந்தபோது, அவர் நாடிய சரீர மாற்றம் நிறைவேறியிருக்கவில்லை. இதனை மறைத்துப் புகழ்வது அவருக்கும் பெருமையாகாது. அன்னை 1973 வரை அப்பணியைத் தொடர்ந்தார். 1968-இல் அவர் ஆரோவில்லைத் தொடங்கியபோது 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டது. குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் அத்தாழியைச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம்.

ஆகஸ்டு 15 அவர் பிறந்த நாள். அன்று அவர் வாழ்ந்த அறையைத் தரிசிக்கலாம். குடும்பத்தோடு வர விரும்பும் அங்கத்தினர் நம் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். சமாதியருகே மௌனம் காக்க வேண்டும்.